முதற் குரல்: ஸ்ரீமதி டி. பி. ராஜலக்ஷ்மி

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், யானைமலையின் நிழல் விழும் இடத்தில் அமைந்திருக்கிறது ஒத்தக்கடை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் இரவு முழுதும் ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடத்துவது நெடுங்கால வழக்கம். ஜனங்கள் கண் விழித்துக் காத்திருப்பது முருகப் பெருமானின் வருகைக்காக அன்று. வள்ளி வேஷம் தரித்த ஸ்திரீ நாரதருடன் புரியும் தர்க்கத்துக்காகவே காத்திருக்கிறார்கள். கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு என்று அவள் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் பெண் உரத்துப் பேசினால் முகம் சுளிக்கும் கிருகஸ்தரும், மேடையில் ஒரு பெண் தேவரிஷியை மடக்கும்போது தலையை ஆட்டி ரசிக்கிறார். இந்த முரண்பாட்டை நம்மவர் கவனிப்பதே இல்லை.

இத்தகைய மேடை ஒன்றிலிருந்துதான் தமிழ்ப் பேசும் படத்துக்கு அதன் முதற் குரல் சென்றது. அக்குரலுக்கு உரியவர் ஸ்ரீமதி டி. பி. ராஜலக்ஷ்மி. சினிமாவில் உழைக்கும் ஸ்திரீகளின் உரிமையைப் பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்துள்ள இந்நாளில், அவ்வம்மையாரின் சரித்திரத்தைத் தேசாபிமானிகள் அறிந்திருத்தல் அவசியம்.

1911-ம் வருஷம் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பிராமணக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தகப்பனார் பஞ்சாபகேச சாஸ்திரி, ஊர் திருவையாறு. பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துக்களும் இவற்றையே குறிக்கும். அக்கால ஆசாரப்படி ஏழெட்டு வயதிலேயே அவருக்கு விவாகம் நடந்தது. வரதட்சிணை விஷயமாகச் சச்சரவு உண்டாகி அந்தச் சம்பந்தம் முறிந்தது. சிறிது காலத்தில் தந்தையும் காலமானார். குழந்தை விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் நிறைவேறியது 1929-ல்தான். இந்தச் சிறுமிக்கு அது பத்து வருஷம் தாமதமாக வந்த சட்டம். இத்தகைய நிலையில் இருந்த பெண்களில் எத்தனையோ பேர் அடுக்களையின் இருளிலேயே மறைந்து போனார்கள். ராஜலக்ஷ்மியோ தாயார் மீனாக்ஷி அம்மாளுடன் திருச்சிராப்பள்ளிக்குப் போய், சாமண்ணா என்பவரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது என்று சொல்லுவார்கள். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை எழுதியவரும் சுவாமிகளே.

ஒரு பிராமணப் பெண் முகத்தில் அரிதாரம் பூசி மேடையேறுவது அந்நாளில் சாமானிய விஷயமன்று. பெண் வேஷத்தையும் ஆண் பிள்ளைகளே தரித்த காலம் அது. மதுரையில் 1918-ல் சுவாமிகள் ஏற்படுத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் பாலர்களைக் கொண்டதுதான். கும்பகோணம் பாலாமணி அம்மாள் முற்றிலும் ஸ்திரீகளைக் கொண்ட கம்பெனியை அதற்கு முன்பே நடத்திப் புகழ் பெற்றிருந்தார் என்பது மெய்யே. ஆனால் ஊரார் அவர்களுடைய பாட்டைக் கேட்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்களேயன்றி, அவர்களைத் தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து உபசரித்தார்களில்லை. இந்த ஏச்சையெல்லாம் பொறுத்துக்கொண்டு ராஜலக்ஷ்மி ஒவ்வொரு கம்பெனியாக மாறி மாறி நடித்துத் தேர்ந்த கதாநாயகியானார். மேடையிலே தேசியப் பாட்டுக்களைப் பாடியதற்காக அவர் சர்க்காரின் கோபத்துக்கு ஆளாகிக் கைது செய்யப்பட்டதும் உண்டு என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகின்றனர்.

சென்னையில் ஏ. நாராயணன் எடுத்த ‘கோவலன்’ முதலிய மௌனப் படங்களில் முதலில் அவர் தோன்றினார். அவற்றில் ஜனங்கள் கண்டது அவருடைய உருவத்தை மட்டுமே. 1931-ல் நிலைமை மாறியது. பம்பாய் இம்பீரியல் கம்பெனி அதிபர் அர்தேஷிர் இரானி தயாரிக்க, ஹெச். எம். ரெட்டி டைரக்ட் செய்த ‘காளிதாஸ்’ அவ்வருஷம் அக்டோபர் 31-ந் தேதி சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் திரையிடப்பட்டது. கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் விடை சொல்ல, மற்றொருவர் ஹிந்தியில் குறுக்கிடும் விசித்திரமான படம் அது. குறை சொல்லுவதற்கு எவ்வளவோ இடமுண்டு. ஆயினும் ஜனங்கள் குறை காணப் போகவில்லை. படச்சுருள் ரயிலில் வந்து இறங்கியதும் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தி, புஷ்பம் தூவிக் கொட்டகை வரையில் ஊர்வலமாகக் கொண்டு போனார்கள் என்பது இன்றும் வழங்கும் செய்தி.

அப்படத்தில் ராஜலக்ஷ்மி பாடிய பாட்டுக்களுள் தேசியப் பாட்டுக்களும் இருந்தன. ராட்டையின் பெருமையைச் சொல்லும் பாட்டு மிகவும் பிரசித்தி பெற்றது. காளிதாஸ மகாகவியின் கதைக்கும் ராட்டைக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்பது பாமரனுக்கும் தெரியும். பாட்டுக்களை இயற்றியவர் மதுரையில் வாழ்ந்த மதுரகவி பாஸ்கரதாஸ். தேசியப் பாட்டுக்களால் அதிகாரிகளின் கண்டனத்தை விலைக்கு வாங்கிக்கொண்டவர் அவர். மகாத்மாஜி வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டனில் தங்கியிருந்த அதே நாட்களில், சென்னைக் கொட்டகையில் ஒரு பெண்ணின் குரல் ராட்டையின் புகழைப் பாடிக்கொண்டிருந்தது. மதுரையிலே எழுதிய பாட்டு, பம்பாயிலே ஒலிப்பதிவாகி, தமிழ்நாட்டின் காதில் விழுந்தது. கூட்டத்தில் பேசியிருந்தால் போலீஸார் நிறுத்தியிருப்பார்கள். புராணக் கதையின் நடுவே வந்த பாட்டை நிறுத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை. காங்கிரஸ்காரர்களிலேயே சினிமாவை இழிதொழில் என்று ஒதுக்கியவர்கள் பலர் இருந்தனர். தீரர் சத்தியமூர்த்தி ஒருவரே கலைஞர்களின் சக்தியை நன்கு உணர்ந்து அவர்களைத் தேச சேவைக்கு அழைத்தார்.

அதன்பின் சில வருஷங்களுக்கு ராஜலக்ஷ்மிக்கு ஓய்வே இல்லை. தமிழ்நாட்டில் ஒலிப்பதிவுக் கூடம் இல்லாத காலமாகையால் நடிகர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நாட்கணக்கில் ரயிலில் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. 1933-ல் கல்கத்தாவில் எடுத்த ‘வள்ளி திருமணம்’ பெரும் வசூலைத் தந்தது. வள்ளியாக நடித்தவர் ராஜலக்ஷ்மியே. அதில் நாரதராக நடித்த டி. வி. சுந்தரத்தை அவர் பின்னர் மணந்துகொண்டார். குழந்தைப் பருவத்தில் பிறர் செய்துவைத்த விவாகத்தால் துன்புற்றவர், வயது வந்தபின் தாமே தெரிந்து செய்துகொண்ட விவாகம் இது. ‘சினிமா ராணி’ என்ற பட்டப் பெயரும் அவருக்குக் கிடைத்தது.

1934-ல் சென்னையில் முதல் பேசும் பட ஸ்டுடியோ ஏற்பட்டபோது, அதை நிறுவிய நாராயணனின் மனைவி மீனா ‘ஸ்ரீநிவாச கல்யாணம்’ படத்துக்கு ஒலிப்பதிவு செய்தார். இந்தியாவில் இத்தொழிலை மேற்கொண்ட முதற் பெண்மணி அவரே என்பர். நடிகையரின் பெயரையாவது ஜனங்கள் அறிவார்கள். யந்திரத்தின் முன் அமர்ந்து அக்குரல்களைப் பிடித்துத் தந்த இவரை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

ராஜலக்ஷ்மியின் வாழ்க்கையில் தலையாய காரியம் 1936-ல் வெளிவந்த ‘மிஸ் கமலா’. ‘கமலவல்லி’ என்ற நாவலை அவர் 1931-லேயே எழுதியிருந்தார். தம் மனம் நாடியவனை விட்டு வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட நேர்ந்த பெண்ணின் கதை அது. அதையே படமாக்க எண்ணித் தம் சொந்தப் பணத்தைப் போட்டுத் தாமே தயாரித்தார். தாமே டைரக்ட் செய்தார். தாமே நடிக்கவும் செய்தார். ஆண்கள் எழுதிக் கொடுத்த வார்த்தைகளைப் பேசி வந்த நடிகை, தம் வார்த்தையைத் தாமே எழுதிக்கொண்டது இங்கேதான். வடக்கே பாத்மா பேகம் 1926-லேயே மௌனப் படம் ஒன்றை டைரக்ட் செய்திருந்தார். தென்னாட்டில் இத்துறையில் முதற் பெண்மணி ராஜலக்ஷ்மியே. சினிமாவின் தலைநகரமாகிய ஹாலிவுட்டில்கூட அவ்வருஷங்களில் பெரிய ஸ்டுடியோக்களில் டைரக்டராக விளங்கிய ஸ்திரீ டாரதி ஆர்ஸ்னர் ஒருவரே. சாரதா சட்டம் வந்து ஏழு வருஷந்தான் ஆகியிருந்த நாட்டில், பால்ய விவாகத்தால் அல்லலுற்ற ஒருவர் செய்த காரியம் இது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர் ‘மதுரை வீரன்’ கதையையும் படமாக்கினார். ‘இந்தியத் தாய்’ என்ற தேசியப் படத்தைத் தயாரித்ததில் தணிக்கை அதிகாரிகளால் தொல்லை நேர்ந்து, பெரும் பொருளை இழந்தார் என்று கூறுவர். நஷ்டம் தம்மோடு நிற்க, தம் படங்களின் வழியே வந்த புதியவர்கள் புகழ் பெறுவதையும் அவர் பார்க்க வேண்டியிருந்தது. பெண் என்ற காரணத்தால் சிசுக்கொலைக்கு இலக்காக இருந்த ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்ததும் அவருடைய தயாளத்துக்குச் சான்றாகும்.

‘மிஸ் கமலா’வுக்குப் பதினேழு வருஷங்களுக்குப் பின், 1953-ல் பானுமதி ‘சண்டிராணி’யை டைரக்ட் செய்தார். அதற்கிடையே கதாநாயகிகள் மலிந்தார்கள். டைரக்டர் நாற்காலியில் பெண்ணைக் காண்பது அரிதாகவே இருந்தது. சுதா கொங்கரா டைரக்ட் செய்த ‘சூரரைப் போற்று’ 2022-ல் மிகச் சிறந்த படத்துக்கான தேசியப் பரிசைப் பெற்றபோது பலர் இதைப் புதுமை என்று வியந்தார்கள். இது புதுமையன்று, எண்பத்தைந்து வருஷங்களுக்கு மேற்பட்ட பழமை. கேரளத்தில் சினிமாத் தொழிலிலுள்ள பெண்கள் 2017-ல் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைத்துத் தங்கள் குறைகளை வெளியிட்டதும், ஹேமா கமிட்டியின் அறிக்கை 2019-ல் சமர்ப்பிக்கப்பட்டும் 2024 ஆகஸ்டில்தான் பிரசுரமானதும் நேயர்கள் அறிந்தவையே. பெண்கள் பேசினார்கள், பேசியதைச் சர்க்கார் ஐந்து வருஷத்துக்கு அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தது.

இறுதிக் காலத்தில் ராஜலக்ஷ்மி நோய்வாய்ப்பட்டு 1964 ஆகஸ்டில் சென்னையில் காலமானார். ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. ‘மிஸ் கமலா’வின் கதியும் அதுவே. சினிமா அதிபர்கள் தங்கள் பழைய சுருள்களைப் பேணிக் காக்கவில்லை. சர்க்கார்கள் அதைக் கேட்கவுமில்லை. கற்பூரம் கொளுத்தி வரவேற்ற அந்த முதற் குரலைக் கேட்க விரும்பும் தமிழனுக்கு இன்று எஞ்சியிருப்பவை சில புகைப்படங்களும், அக்காலத்துப் பத்திரிகைகளில் வெளியான விளம்பரங்களும், சுதேசமித்திரன் 1931 அக்டோபரில் எழுதிய குறிப்பும் தவிர வேறில்லை.