தூக்கத்தைத் தள்ளிப்போட்ட சைக்கிள் வீரர்

தினமும் காலேஜுக்கு 16 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறதுக்கே எனக்கு முழங்கால் கெஞ்சும். சார்லஸ் டெரோன் ஒரே மூச்சில் மிதித்தது சுமார் 1200.

1857-ல் பிரான்சில் பிறந்தவர். 1891 செப்டம்பரில் ஒரு பத்திரிகை, பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் பந்தயம் வைத்தது. கிளம்பியவர்கள் 200 பேருக்கு மேல். அப்போதெல்லாம் டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டிவிடுவார்கள், பஞ்சரானால் போச்சு! டெரோன் மாட்டியிருந்ததோ மிச்செலினின் கழற்றி மாட்டும் டயர். மெக்கானிக்கல் பசங்களுக்கு அதன் அருமை புரியும்.

பிரெஸ்டில் முந்தியிருந்தவர் ஜியெல்-லாவல். திரும்பும் வழியில் அவர் ஓர் ஊரில் படுத்துத் தூங்க, டெரோன் சத்தமில்லாமல் தாண்டிவிட்டார். மூன்று இரவும் தூங்காமல், 71 மணி சொச்சத்தில் பாரிஸ். லாவல் வந்து சேர மேலும் 8 மணி நேரம் போல ஆயிற்று.

எங்க அப்பா ராத்திரி லாரி ஓட்டுபவர். கண் அசந்தால் என்ன ஆகும் என்று கேட்டே வளர்ந்தவன் நான். அதனால் ஜெயித்தவரை மெச்சினாலும், படுத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை.

1893-ல் டெரோன் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பாரிஸுக்கு சுமார் 3000 கிலோமீட்டரை 14 நாளில் ஓட்டினார். அதில் தூங்காமல் முடியுமா? 1932-ல் காலமானார்.