சிபாரிசுக்கு இடம் கொடாத முதல்வர்

திருவண்ணாமலையில் முழுநிலவு நாளில் மலையைச் சுற்றி வரும் மக்கள் வெள்ளத்தைப் பார்க்கிறோம். அதில் யார் எந்தச் சாதி என்று எவராலும் சொல்ல முடியாது. அண்ணாமலையார் கோவிலுக்குள்ளும் அவர்கள் எல்லாரும் போகிறார்கள். ஆனால் நம் தாத்தா காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பல கோவில்களின் வாசல்கள் அடைபட்டே கிடந்தன. 1939-இல் மதுரையில் தொடங்கிச் சில கோவில்கள் திறந்தன. சென்னை மாகாணம் முழுவதற்கும் அதை ஓர் உரிமையாக்கியது 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசின் தலைவர், இதே திருவண்ணாமலை ரமண மகரிஷியின் பக்தரான ஒரு விவசாயி. அவர்தான் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார்.

1895 பிப்ரவரி 1-ஆம் நாள் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். காந்தியடிகளின் வழியில் விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். தென்னார்க்காட்டில் காங்கிரசை வளர்த்தவர்களில் ஒருவரானார். கதர் உடையும் எளிய வாழ்வுமே அவருடைய அடையாளம்.

1947 மார்ச் மாதம், பிரகாசம் பதவி விலகியபோது, காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி ஓமந்தூராரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அன்று மாகாண முதல்வரைப் பிரதமர் என்றே அழைத்தார்கள். தமிழ்நாட்டோடு ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் தென்கன்னடமும் சேர்ந்த பெரிய மாகாணம் அது. நாடு விடுதலை பெற்ற நாளில் அதன் பொறுப்பு இவர் கையில் இருந்தது.

இரண்டு ஆண்டுகள்தாம் ஆட்சி. அதற்குள் எத்தனை காரியங்கள்! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடிக் கேட்ட தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் நிறைவேறியது. 1948-இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. பாரதியாரின் பாடல்களுக்கான உரிமையை 1949-இல் அரசே பெற்றது. அரசு வேலைகளில் 14 இடங்களுக்கு 2 இடம் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு என்று 1947-இல் முதன்முறையாகத் தனியே ஒதுக்கினார்கள். ஆங்கிலோ இந்தியரோடு சேர்த்துக் கிறிஸ்தவர்களுக்கும் அதில் 1 இடம் இருந்தது.

அவர் செய்தவை எல்லாம் எல்லாருக்கும் உகந்தவை என்று நாம் சொல்லவில்லை. 1948-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்க அவரது அரசு எடுத்த முடிவு பெரும் போராட்டத்தை மூட்டியது. கருஞ்சட்டைத் தொண்டர் படைக்கு விதித்த தடையும் கண்டனத்துக்கு உள்ளானது.

ஆனால் அவருக்கு இடையூறு பெரிதாக வந்தது வெளியிலிருந்து அல்ல, சொந்தக் கட்சியிலிருந்துதான். வேலைக்கும், இடமாற்றத்துக்கும், உரிமத்துக்கும் சிபாரிசோடு வந்த சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அவர் இணங்கவில்லை. அதிகாரிகளின் வேலையில் அவர்கள் தலையிடுவதையும் அவர் விரும்பவில்லை. பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்கியதால் தாடியில்லாத ராமசாமி என்று, பெரியாரோடு ஒப்பிட்டுக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். அதிருப்தி நாளுக்கு நாள் வளர்ந்தது. கேட்டவர்களுக்குக் கேட்டதைச் செய்து கொடுத்திருந்தால் அவர் நாற்காலி நிலைத்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. 1949 ஏப்ரலில் பதவியை விட்டு இறங்கினார். குமாரசாமி ராஜா அந்த இடத்துக்கு வந்தார்.

பதவி போனதும் அவர் ஒடுங்கிவிடவில்லை. வள்ளலாரின் வடலூருக்குச் சென்றார். ஏழைப் பிள்ளைகளும் ஆதரவற்றோரும் படிக்கவும் வாழவும் அங்கே நிறுவனங்களை உருவாக்கினார். மாகாணத்தை ஆண்ட அதே அக்கறையோடு அவற்றைக் கவனித்து வந்தார். 1970 ஆகஸ்ட் 25-ஆம் நாள் அவர் வாழ்வு நிறைவுற்றது.

சென்னை அண்ணா சாலையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே சட்டமன்றத்துக்காக எழுப்பி 2010-இல் திறந்த கட்டடம், 2014 முதல் ஏழை நோயாளிகளைக் காக்கும் அரசு மருத்துவமனையாக இருக்கிறது. அவர் பெயருக்கு இது பொருத்தம்தானே?

அரசியல்வாதிகள் நேர்மையாக இல்லை என்று நாம் அடிக்கடி குறைப்படுகிறோம். அதே நாம், பிள்ளைக்குக் கல்லூரியில் இடமோ உறவினருக்கு வேலையோ வேண்டும் என்றால், எம்.எல்.ஏ. கடிதத்துக்கு யாரைப் பிடிக்கலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறோம். அந்தக் கடிதத்தால் நமக்கு ஓர் இடம் கிடைக்கும்போது, கடிதம் வாங்க ஆளில்லாத ஓர் ஏழையின் பிள்ளை வரிசையில் பின்னே தள்ளப்படுகிறது. ஓமந்தூரார் மறுத்தது இதைத்தான். இன்று அப்படி ஒருவர் நம் தொகுதியில் நின்று, நம் சிபாரிசையும் மறுத்தால், அடுத்த தேர்தலில் அவருக்கு வாக்களிப்போமா? விடையை நம் உள்ளத்தில் தேடுவோம்.