ஆடுகளத்தில் ஓர் உரைநடைப் புலவர்

ஆங்கில உரைநடை வல்லாருள் வில்லியம் ஹாஸ்லிட் என்பாரை அறியாதார் நம்முள் சிலரே. ஷேக்ஸ்பியர் நாடக மாந்தரை ஆராய்ந்த அப்பெரியார் பந்தாட்டக் களத்தில் வியர்வை சிந்த ஆடியவர் என்பதை அறிந்தார் அதனினும் சிலர்.

இவர் 1778-ஆம் ஆண்டு மெய்ட்ஸ்டன் நகரில் யூனிட்டேரியன் சபைக் குரு ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். குருத்தொழிலுக்கென ஹாக்னிக் கல்லூரிக்கு அனுப்பப்பெற்றும் அந்நெறியில் மனங்கொள்ளாது வெளியேறினார். 1798-இல் கோல்ரிட்ஜின் பிரசங்கம் கேட்கச் சேற்றுவழியே பத்து மைல் நடந்தார். ஓவியம் பயின்று, அதிலும் நிலைபெறாது, பத்திரிகைத் தொழிலை மேற்கொண்டார்.

யாம் விரித்துரைக்க விழைவது வேறு. சுவர்மீது பந்தைக் கையால் அடித்தாடும் பைவ்ஸ் ஆட்டத்தில் அவர்க்குப் பெருங்காதல். 1819-இல் கவானா என்னும் பைவ்ஸ் வீரன் இறந்தபோது, எக்ஸாமினர் பத்திரிகையில் இரங்கலுரை வரைந்தார். கவானா வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. ஒருநாள் அவன் யாரென்றறியாத ஒருவன் பந்தயம் வைத்து அவனோடு ஆடித் தோற்றுக்கொண்டே இருந்தானாம். வழிப்போக்கன் ஒருவன் பெயரைச் சொல்லி அழைத்தபின்னரே உண்மை புலப்பட, பந்தை எறிந்துவிட்டு ஆட மறுத்தானாம். கவானாவோ அவ்வளவு நேரமும் மூடிய கைமுட்டியாலேயே ஆடியிருந்தான்! அவனது அடி தடுமாற்றமற்றது என்று காட்டப் புகுந்த ஹாஸ்லிட், வேர்ட்ஸ்வர்த், கோல்ரிட்ஜ் முதலாயினாரின் எழுத்தை அதனொடு ஒப்பிட்டுத் தாழ்த்தியும் விட்டார். நட்பு முறிந்த கசப்பும் அதிற் கலந்ததென்றே எண்ணுகிறோம்.

இவ்வுரை 1821-இல் இந்தியச் செப்பிடுவித்தையாளரைப் பற்றிய கட்டுரையின் இறுதியிற் சேர்க்கப்பட்டது. நான்கு பித்தளைப் பந்துகளை அம்மானைபோல் வீசிப் பிடிக்கும் நம் நாட்டானைக் கண்டு அவர் நாணினார். அவன் கை ஒருகணம் பிழைத்தாலும் பந்து வீழும். தம் கட்டுரையிலோ பிழை மலிந்தும் காட்டிக்கொடுப்பது யாதுமில்லையே என வருந்தினார். எழுதப் பழகும் எம்மனோர்க்கு இவ்விடம் நெஞ்சைச் சுடுவது.

அவ்வாண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஹங்கர்போர்டில் பில் நீட்டும் டாம் ஹிக்மனும் குத்துச்சண்டை புரிந்தனர். ஹாஸ்லிட் இலண்டனிலிருந்து வண்டியேறி, நியூபரி விடுதியிற் படுக்கை கிடையாது இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் ஒன்பது மைல் நடந்து சென்று கண்டார். வீறுபேசிய ஹிக்மன் தோற்றான். எனினும் முகமெல்லாம் குருதியாகியும் வீழுந்தோறும் எழுந்து நின்றான். அக்கொடுமையை யாம் பாராட்டோம். ஆயினும் அந்நெஞ்சுரத்தை ஹாஸ்லிட் தீட்டிய பான்மையை மறத்தல் அரிது. கட்டுரை 1822 பிப்ரவரியில் வெளிவந்தது.

அப்போது அவர் இல்லறம் முறிந்து மணவிலக்கை நாடியிருந்தார். தாம் குடியிருந்த வீட்டுக்காரர் மகள்பால் வைத்த காதலும் கைகூடவில்லை. கையெழுத்துப் படியில் அத்துயரைக் கூறும் பகுதிகள் இருந்தன. அச்சேறுமுன் அவை நீக்கப்பட்டன. படிப்போர்க்கு எஞ்சியது வண்டியும் விடுதியும் சண்டையுமே.

1830 செப்டம்பர் 18-ஆம் நாள், தம் ஐம்பத்திரண்டாம் வயதில், சோஹோவில் ஒரு வாடகை அறையில் வறுமையோடு உயிர் நீத்தார். நண்பர் சார்ல்ஸ் லாம் உடனிருந்தார்.