வரி அறவிடத் தெரியாத அதிகாரி

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் சாமுவேல் அடம்ஸை ஒரு பத்திரிகை எழுத்தாளராகத்தான் அறிந்திருந்தேன். 'பொஸ்டன் கசெட்' பத்திரிகையில் பல புனைபெயர்களில் எழுதி, பிரித்தானிய வரிகளுக்கு எதிராக அமெரிக்கக் குடியேற்றவாசிகளைத் திரட்டியவர் அவர். அதே மனிதர் பல ஆண்டுகள் வரி அறவிடும் அதிகாரியாக இருந்தார் என்பதைப் பின்னர் வாசித்தபோது வியப்பாக இருந்தது.

அடம்ஸ் 1722இல் பொஸ்டனில் பிறந்தார். நாணயத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அவரது தந்தையும் சிலரும் 1740இல் காணியை ஈடாக வைத்துத் தாள் பணம் வெளியிடும் வங்கியொன்றைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே பிரித்தானியப் பாராளுமன்றம் அதைச் சட்டவிரோதமாக்கியது. கடன் பணிப்பாளர்களின் தலையில் விழுந்தது. தந்தை இறந்து பத்து ஆண்டுகளின் பின்னர், 1758இல், குடும்பச் சொத்தை ஏலம் விட முயன்றார்கள். அடம்ஸ் எதிர்த்து நின்று அதைத் தடுத்தார். கடலுக்கு அப்பாலுள்ள ஒரு சபை தன் வீட்டு வாசல்வரை வரலாம் என்பதை அவர் அனுபவத்தில் கற்றார்.

1756இல் நகர மக்கள் அவரை வரி அறவிடத் தெரிவுசெய்தனர். கொடுக்க முடியாதவர்களை அவர் நெருக்கவில்லை. 1765இல் அறவிடப்படாத தொகை சுமார் 8,000 பவுண். அது அவர் பெயரிலேயே கடனாக நின்றது. ஆனால் ஊரில் அவருக்குச் செல்வாக்குக் கூடியது.

பிரான்ஸுடனான ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரித்தானியா பெருங்கடனில் இருந்தது. 1764இல் சீனி வரி, 1765இல் முத்திரை வரி. பத்திரிகை, சட்ட ஆவணம், சீட்டுக்கட்டு என எல்லாவற்றுக்கும் முத்திரை. உண்மையில் பிரித்தானியாவில் வாழ்ந்தவர்கள் இவர்களைவிட அதிக வரி கட்டினார்கள். அடம்ஸின் கேள்வி தொகை பற்றியதல்ல. நமக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாத சபை இன்று வணிகத்துக்கு வரி போட்டால், நாளை நம் நிலத்துக்குப் போடுவதை யார் தடுப்பது என்பதே அவரது வாதம்.

எதிர்ப்பால் 1766இல் முத்திரை வரி நீக்கப்பட்டது. மறு ஆண்டே கண்ணாடி, ஈயம், வர்ணம், கடதாசி, தேயிலை மீது வரி வந்தது. 1768இல் இராணுவம் பொஸ்டனில் இறங்கியது. 1770 மார்ச் 5இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தனர்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1773. அவ்வாண்டுச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைக்கவே செய்தது. ஆனால் வரி அப்படியே இருந்தது. மலிவான தேநீருக்காக உரிமையை விட்டுக்கொடுக்க அடம்ஸும் தோழர்களும் தயாராக இல்லை. டிசம்பர் 16 இரவு 342 பெட்டிச் சீனத் தேயிலை துறைமுகத்து நீரில் கொட்டப்பட்டது. பிரித்தானியா துறைமுகத்தை மூடியது. 1775இல் போர் தொடங்கியது. 1776இல் சுதந்திரப் பிரகடனத்தில் அடம்ஸ் கையொப்பமிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவர் வெறும் வீரர். ஆனால் 1786இல் அதே மசச்சூசெட்ஸில் வரியாலும் கடனாலும் நசுங்கிய விவசாயிகள் ஆயுதம் ஏந்தியபோது, அவர் அடக்குமுறையின் பக்கம் நின்றார். மன்னராட்சியில் கிளர்ச்சியை மன்னிக்கலாம், மக்கள் தெரிவுசெய்த அரசுக்கு எதிரான கிளர்ச்சிக்கு மரணமே தண்டனை என்று வாதிட்டார். பெரும்பாலானோர் பின்னர் மன்னிக்கப்பட்டனர்.

பின்னாளில் மாநில ஆளுநராகவும் இருந்து, 1803இல் 81ஆவது வயதில் இறந்தார். ஏழைகளிடம் வரி கேட்கத் தயங்கிய அந்த இளைஞர் 1786இல் எங்கே போனார் என்று யோசிக்கிறேன். வாக்களித்துத் தெரிவுசெய்த சபையும் கட்ட முடியாதவன் மீது வரி சுமத்தலாம். அந்த விவசாயிகளின் கேள்விக்கு அடம்ஸிடம் பதில் இருக்கவில்லை.