திபேரியு சக்கரவர்த்தியும் அவர்தம் வெள்ளிக் காசும்

ஆரணிப் பட்டுத் தறியிலே பட்டிழையும் வெள்ளிச் சரிகையும் ஒருங்கே ஓடக் காண்கின்றோம். இவ்விரு பொருளும் தம் நாட்டுச் செல்வநிலையைப் பாதித்த காலத்தில் அரசு செலுத்திய ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

திபேரியு கி.மு. 42-ல் பிறந்தார். அவர் தாயார் லிவியா பின்னர் அகுஸ்துவை மணந்தமையால், அவருடைய மாளிகையிலேயே வளர்ந்தார். படைத்தலைவராகி வடதிசைப் போர்களில் வெற்றி பல பெற்றார்; எனினும் இல்வாழ்வில் இன்பமடைந்தாரில்லை. ஆருயிர் மனைவி விப்சானியாவை அகுஸ்துவின் கட்டளைக்கிணங்கி நீக்கி, அவர் மகள் யூலியாவை மணக்க நேர்ந்தது. கி.மு. 6-ல் மனமுடைந்து ரோதுத் தீவில் ஒதுங்கினார். மீண்டு வந்து, கி.பி. 14-ல் தமது 54-ஆம் வயதில் அரசுரிமை பெற்றார்.

கி.பி. 16-ல் ஆடவர் பட்டுடை அணியலாகாதெனச் செனட் சபை விதித்தது. கி.பி. 22-ல் அச்சபைக்கு வரைந்த நிருபமொன்றில், மாதர் அணியும் மணிகளின் பொருட்டு ரோமர் பொருள் அந்நிய நாடுகளுக்குச் செல்வதைக் குறித்து அவர் வருந்தினார். ஆயினும் ஆடம்பரத்தைத் தடுப்பது சட்டமன்று, மாந்தர்தம் மனவடக்கமே என்பது அவர் துணிபு. கி.பி. 33-ல் கடன் நெருக்கடியால் குடிகள் நிலமிழக்கும் நிலை நேர்ந்தபோது, பத்துக் கோடி செஸ்டர்ஸ் பணத்தை மூன்றாண்டுத் தவணைக்கு வட்டியின்றி வழங்கினார்.

தெனாரியஸ் என்னும் அவர்தம் வெள்ளிக் காசின் ஒருபுறம் அவர் தலையும், மறுபுறம் வீற்றிருக்கும் மாதொருத்தியின் உருவமும் உள்ளன. மாற்றுக் குறையா அக்காசுகள் மிளகிற்கும் மணிகளுக்கும் ஈடாக நம் நாட்டிற்கு வந்தன. உடுமலைப்பேட்டையை அடுத்த பூதிநத்தத்தில் அகுஸ்து, திபேரியு ஆகிய இருவரின் காசுகள் ஆயிரத்திற்கு மேற்பட்டவை 1891-ல் கிடைத்தன. கி.பி. 64-ல் நீரோ மன்னன் காசின் எடையையும் மாற்றையும் குறைத்தான். அதற்குப் பிற்பட்ட வெள்ளிக் காசுகள் நம் நாட்டுப் புதையல்களில் அரியன. நம் முன்னோர் வணிகர் முகத்தை நோக்காது வெள்ளியை நோக்கினர் போலும்.

இத்துணைச் சிக்கனமாய் ஆண்ட திபேரியுவை மக்கள் நேசித்தாரில்லை. கி.பி. 26-ல் தலைநகரை விட்டகன்று காப்ரித் தீவில் மறைந்து வாழ்ந்தார். தாம் நம்பிய செயானுவைக் கி.பி. 31-ல் கொல்வித்தார், ராஜத்துரோகக் குற்றஞ் சாற்றப்பெற்று மாண்டோர் பலர். கி.பி. 37-ல் அவர் இறந்த செய்தி கேட்டு ரோமாபுரி மாந்தர் மகிழ்ந்தனர்.

நிறைந்த பொக்கிஷத்தை விட்டுச் சென்றவர்க்கு அழுவாரிலர். காசின் மாற்றைக் காத்தவர் நெஞ்சின் மாற்றைக் காத்திலர் என்பதே இச்சரிதத்தால் நாம் அறியத்தக்கது.