கே. எஸ். கிருஷ்ணன்: ஒளியும் எலெக்ட்ரனும்

கல்வராயன் மலைச் சிற்றூர்களினின்றும் இறங்கிக் கள்ளக்குறிச்சியிற் பயிலும் மாணாக்கர் கையிலும் பென்சில் ஒன்று இருக்கும். அதன் நடுவேயுள்ள கரிய பொருள் கிராபைட். அக்கரியினுள் எலெக்ட்ரன்கள் உலவும் வகையைத் துருவி ஆராய்ந்த தமிழர் ஒருவரைப் பற்றி ஈண்டு எழுத விழைகின்றோம். அவரே ஸர் காரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பிற் பிறந்த அவர், மதுரை அமெரிக்கன் கலாசாலையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் கற்றார். பின்னதில் இரசாயனம் பயிற்றும் உதவியாளராயிருந்தபோது, நண்பகல் ஓய்வில் மாணாக்கர் அவரைச் சூழ்ந்து பௌதிகத்தில் ஐயம் கேட்பராம். மிஷன் கலாசாலையினராகிய நமக்கு இஃது உவப்பான செய்தி.

1920இல் கல்கத்தா சென்றார். 1923 முதல் ஆங்குள்ள விஞ்ஞான அபிவிருத்திச் சங்கத்தில் ராமனோடு உழைத்தார். திரவத்தினுட் புகும் ஒளி, மூலக்கூறுகளின் எலெக்ட்ரன்களை அசைத்து, தன் சக்தியிற் சிறுகூற்றை மூலக்கூறுக்கு ஈந்து, நிறம் மாறி வெளிப்படுவதும் உண்டு. ஏறக்குறைய 60 திரவங்களில் இதனைக் கண்டு இருவரும் எழுதிய கடிதம் 1928 மார்ச் 31இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தது. 1930இல் நோபெல் பரிசு ராமனுக்கே கிடைத்தது. விளைவும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. கிருஷ்ணனது பங்கு வேண்டுமளவு நினைக்கப்படவில்லை என்பதே நம் கருத்து.

அவரோ அதனோடு நின்றாரல்லர். 1928 இறுதியில் டாக்கா சென்று, படிகங்களின் காந்த இயல்பை அளக்கத் தொடங்கினார். 1933இல் கல்கத்தாவுக்கு மீண்டும் அதனை விட்டிலர். கிராபைட் மெல்லிய ஏடுகளை அடுக்கினாற்போன்றது. ஏட்டுக்குச் செங்குத்தாகக் காந்தவிசை செல்லின் வன்மையாய் எதிர்க்கும். ஏட்டின் வழியே செல்லின் எதிர்ப்பு மிகச் சிறிது. ஏட்டின் பரப்பில் எலெக்ட்ரன்கள் தடையின்றி ஓடுதலே இதற்குக் காரணமென்று, கங்குலி என்பாரோடு சேர்ந்து 1941இல் விளக்கினார். 1940இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானார், 1947இல் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் தலைவரானார், 1961இல் மறைந்தார்.

கிராபைட்டின் ஓரேட்டை 2004இல் மான்செஸ்டரில் தனியே பிரித்தனர். கிராபீன் என்பது அதன் பெயர். ஒளியும் அவ்வேட்டின் எலெக்ட்ரன்களும் பாலும் நீரும்போற் பிரிவறப் பிணைந்து ஒரே அலையாய் ஓடுவது 2012இற் படமாக்கப்பட்டது. ஆய்வாளர் கையிலுள்ளது ஓரேடோ பல ஏடோ என்று அறிய இன்று பெரிதும் கையாளும் வழி, அதன்மேல் ஒளியைச் செலுத்தி, 1928இல் அவ்விருவரும் கண்ட அந்நிற மாற்றத்தைப் பார்த்தலே.