பீதர் மத்ரஸாவைக் கட்டிய வஸீர்

ஒரு நாட்டில் போர் ஓயாமல் நடந்தால் அந்நாட்டு மக்கள் என்ன ஆவார்கள்? போர்க்களத்தில் மடிபவர்களைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை. யாருக்குப் பதவி, யாருக்கு நிலம், யார் நம்மவர், யார் அந்நியர் என்பவற்றையெல்லாம் கூடப் போரே தீர்மானித்துவிடுகிறது. 15ஆம் நூற்றாண்டில் தக்கணத்தின் பஹ்மனி இராச்சியத்தில் வஸீராக இருந்த மஹ்மூத் கவானின் வாழ்வைப் படித்தபோது இந்த உண்மை எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

பஹ்மனி இராச்சியம் 1347இல் தோன்றியது. தெற்கே விஜயநகரம், வடக்கே மால்வா, கிழக்கே ஒரிசா என்று அதன் எல்லைகளில் எல்லாம் போட்டி இருந்தது. கிருஷ்ணா, துங்கபத்ரா ஆகிய இரு நதிகளுக்கு இடைப்பட்ட வளமான ராய்ச்சூர் நிலத்துக்காக மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை நடந்தது. அக்காலப் போரில் குதிரைப் படையே பெரும் பலம். தக்கணத்திலோ நல்ல போர்க் குதிரைகள் வளரவில்லை. அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் அவை கப்பலில் வரவேண்டியிருந்தன. அதனால் தாபோல், சௌல், கோவா முதலிய துறைமுகங்கள் அரசர்களின் கண்ணில் கோட்டைகளைப் போலவே பெறுமதி பெற்றன.

குதிரைகளோடு மனிதர்களும் வந்தார்கள். ஈரானிய, துருக்கிய, அரபு நாட்டு வீரர்களையும் அறிஞர்களையும் சுல்தான்கள் விரும்பி அழைத்தார்கள். இவர்கள் ஆஃபாகிகள் எனப்பட்டனர். அவர்களுக்கு முன்பே வட இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களும் உள்ளூர் முஸ்லிம்களும் தக்கணிகள் எனப்பட்டனர். அபிசீனிய வீரர்கள் பெரும்பாலும் தக்கணிகளின் பக்கம் நின்றனர். விஜயநகரத்து இரண்டாம் தேவராயரும் முஸ்லிம் குதிரை வீரர்களையும் வில்லாளிகளையும் தம் படையில் சேர்த்து, அவர்கள் தொழுவதற்குத் தலைநகரில் பள்ளிவாசலும் கட்டிக் கொடுத்தார். இந்தப் போர்களை வெறும் மதப் போர்கள் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பஹ்மனி அரசவையில் பதவிக்காகவும் பரிசுக்காகவும் இரு சாராரும் மோதிக்கொண்டார்கள். 1440களில் கொங்கணக் காட்டுப் போரில் ஓர் ஆஃபாகி தளபதி தன் வீரர்கள் பலரோடு கொல்லப்பட்டார். தப்பியவர்கள் சாக்கன் கோட்டையில் ஒதுங்கினார்கள். அவர்கள் கலகம் செய்யப் போகிறார்கள் என்று எதிர்த் தரப்பினர் சுல்தானுக்குப் பொய்ச் செய்தி அனுப்பினர். அதை நம்பிய சுல்தானின் ஆணையால் அவர்கள் படுகொலை செய்யப்பட்டார்கள்.

இந்தக் காயம் ஆறுவதற்குள், 1453ஆம் ஆண்டளவில், தாபோல் துறையில் ஒரு வணிகர் வந்து இறங்கினார். அவரே மஹ்மூத் கவான். ஈரானின் கீலான் பிரதேசத்தில் ஏறத்தாழ 1411இல் பிறந்தவர். அவருடைய குடும்பத்தினர் அங்கே அமைச்சர்களாக இருந்தவர்கள். அரசவைச் சூழ்ச்சிகள் காரணமாகத் தாயகத்தை விட்டுப் புறப்பட்ட அவர், நாடு நாடாகச் சென்று வணிகம் செய்தார். பீதரில் வாழ்ந்த ஸூபி பெரியார் ஒருவரைச் சந்திக்கும் ஆவலும் அவரைத் தக்கணத்துக்கு அழைத்து வந்தது. சுல்தான் அலாவுத்தீன் அஹ்மத் அவருடைய அறிவைக் கண்டு அரசவையில் இடம் கொடுத்தார். அடுத்து வந்த ஹுமாயூன் ஷாஹ் அவருக்கு மலிக்குத் துஜ்ஜார், அதாவது வணிகர் தலைவர், என்னும் உயர்ந்த பட்டத்தை வழங்கினார்.

1461இல் ஹுமாயூன் ஷாஹ் இறந்தபோது அரியணை ஏறிய நிஜாம் ஷாஹுக்கு வயது எட்டுத்தான். அரசை நடத்தும் பொறுப்பு சிறுவனின் தாய் மக்தூமா ஜஹான் நர்கிஸ் பேகத்திடமும், கவான் உள்ளிட்ட இரு அமைச்சர்களிடமும் வந்தது. அரசியாரே அந்தச் சபையின் உயிராக இருந்தார் என்பதைப் படித்தபோது மாணவி என்ற வகையில் எனக்குப் பெருமிதமாக இருந்தது. குழந்தை அரசன் என்று கண்டதும் மால்வா சுல்தான் படையெடுத்து வந்து பீதர் நகரைக் கைப்பற்றினார். அரசியார் மகனைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு சென்றார். குஜராத் சுல்தானின் உதவி பெறப்பட்டது. அந்தப் படையுடன் சேர்ந்து கவான் பகைவருக்கு உணவு செல்லும் வழிகளை அடைத்தார். மால்வாப் படை பின்வாங்கியது. நிஜாம் ஷாஹ் 1463இல் இறக்க, அவருடைய தம்பி மூன்றாம் முஹம்மத் சுல்தானானார். 1466முதல் கவானே தலைமை வஸீர்.

அவரும் போர் செய்தவர்தான். கொங்கணத்துக் கோட்டைகளை ஒவ்வொன்றாக வென்று, 1472இல் விஜயநகரத்திடமிருந்து கோவாவைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு பெல்காம் கோட்டை முற்றுகையில் சுவருக்கடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். இராச்சியம் ஒரு கடலிலிருந்து மறுகடல்வரை விரிந்தது.

ஆனால், இந்த வெற்றிகளின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? அந்த ஆண்டுகளில் அஃபனாசி நிகிதின் என்ற ரஷ்ய வணிகர் விற்பதற்கு ஒரு குதிரையுடன் கப்பலேறி வந்து பீதரில் தங்கியிருந்தார். பிரபுக்கள் வெள்ளிக் கட்டில்களில் பவனி வந்ததையும், நாட்டுப்புற மக்கள் வறுமையில் வாடியதையும் அவர் எழுதி வைத்தார். உழவன் கொடுத்த வரியே குதிரையாகவும் வாளாகவும் மாறியது. 1470களில் மழை பொய்த்துக் கடும் பஞ்சமும் வந்தது.

கவானின் பெருமை போரில் வென்றதில் மட்டும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். போர் கெடுத்து வைத்த ஓர் அமைப்பைத் திருத்த முயன்றாரே, அதுதான் அவருடைய உண்மையான பெருமை. அதுவரை நான்கு பெரிய மாகாணங்களின் ஆளுநர்கள் கோட்டைகளையும் படைகளையும் கையில் வைத்துக் குட்டி அரசர்களாக இருந்தார்கள். கவான் அந்த நான்கை எட்டாகப் பிரித்தார். ஓர் ஆளுநருக்கு ஒரு கோட்டைதான் என்றார். ஏனைய கோட்டைகளுக்குத் தலைவர்களைச் சுல்தானே நியமித்தார். வீரர்களின் ஊதியத்தை உயர்த்தினார். ஆனால், கணக்கில் காட்டிய வீரன் படையில் இல்லையென்றால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். நிலங்களை அளந்து வரியை ஒழுங்கு செய்தார். தாம் ஆஃபாகியாக இருந்தும், தம் இனத்தாரையே உயர்த்தாமல், தக்கணிகளுக்கும் ஆஃபாகிகளுக்கும் பதவிகளைச் சமமாகப் பகிர்ந்தார்.

1472இல் பீதரில் மூன்று மாடிகளில் ஒரு மத்ரஸாவை எழுப்பினார். பாரசீக வண்ண ஓடுகள் பதித்த அந்தக் கட்டடத்தில் மாணவர் தங்கும் அறைகளும் பள்ளிவாசலும் நூலகமும் இருந்தன. நூலகத்தில் 3000 நூல்கள் இருந்தனவாம். பாரசீகக் கவிஞர் ஜாமியோடும் துருக்கிய சுல்தானோடும் கடிதத் தொடர்பு வைத்திருந்த இந்த வஸீர், வீட்டில் மண்பாண்டத்தில் உண்டு பாயில் உறங்கினார் என வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதிகாரம் குறைக்கப்பட்ட பிரபுக்கள் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1481இல் சுல்தான் தெற்கே காஞ்சிபுரம்வரை படை நடத்திச் சென்ற காலத்தில் அவர்கள் தருணம் பார்த்தார்கள். கவானின் முத்திரைக் காவலரைத் தம் வசப்படுத்தி, ஒரு வெற்றுத் தாளில் முத்திரை பதிக்கச் செய்தார்கள். ஒரிசா மன்னரைப் படையெடுத்து வருமாறு கவான் அழைப்பதாக அதில் எழுதி, மதுபோதையில் இருந்த சுல்தானிடம் காட்டினார்கள். முத்திரை தம்முடையதே, கடிதம் தம்முடையதல்ல என்று கவான் எவ்வளவோ கூறினார். விசாரணை எதுவும் நடக்கவில்லை. 1481 ஏப்ரல் 5ஆம் திகதி, கொண்டப்பள்ளிப் பாசறையில், முதுமையடைந்திருந்த அந்த வஸீரின் தலை வெட்டப்பட்டது. சாக்கனில் பலரைக் கொன்ற அதே பொய்யும் அதே அவசரமும் இங்கேயும் வென்றன.

பின்னர் உண்மை அறிந்து சுல்தான் வருந்தினார். அந்த வருத்தம் யாருக்குப் பயன்? ஓராண்டுக்குள் அவரும் இறந்தார். தளபதிகள் தத்தம் பகுதிகளைப் பிரித்துக்கொள்ள, சில பத்தாண்டுகளுக்குள் இராச்சியம் ஐந்து துண்டுகளாகச் சிதறியது.

மத்ரஸாவுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். முகலாயர் காலத்தில் அதன் அறைகளில் வெடிமருந்தைச் சேமித்து வைத்தார்கள். 1696இல் அது வெடித்து, கட்டடத்தின் ஒரு பகுதியும் இரு மினாராக்களில் ஒன்றும் அழிந்துபோயின. பெல்காம் கோட்டையைத் தகர்த்த அதே பொருள் கவானின் கல்விக்கூடத்தையும் தகர்த்துவிட்டது.

சகோதரிகளே, கவான் வென்ற கோட்டைகளை இன்று யாரும் அவர் பெயரால் அழைப்பதில்லை. எஞ்சிய ஒற்றை மினாராவோடு நிற்கும் அந்தப் பள்ளிக்கூடம்தான் மஹ்மூத் கவான் மத்ரஸா என்று இன்றும் அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது.